மோஸ்பூர்க் களிமண்ணும் ஒரு மஞ்சள் பொடியும்

கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருப்புத் தாரை நன்றாகத் தெரியும். பிரிடினியம் குளோரோகுரோமேட், சுருக்கமாக பி.சி.சி., ஆரஞ்சு நிறத் தூள். டைகுளோரோமீத்தேனில் அதைப் போட்டு ஆல்கஹாலைச் சேர்த்துக் கலக்கினால் கொஞ்ச நேரத்திலேயே ஆரஞ்சு கறுக்கத் தொடங்கும். ஓரிரு மணி நேரத்தில் குடுவையின் அடியிலும் சுவரிலும் பிசினாக அப்பிக்கொள்ளும். காந்தக் கலக்கி அதில் சிக்கி நின்றுவிடும். பாடுபட்டு உண்டாக்கிய ஆல்டிஹைடில் ஒரு பங்கு தாருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈதரை ஊற்றி ஊற்றிக் கழுவி எடுத்தாலும் முழுதாக வராது. பிறகு குடுவையைச் சுத்தம் செய்வது தனி வேலை.

இதற்கு ஆய்வுக்கூடங்களில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கைமுறை உண்டு. பி.சி.சி.யைப் போடும்போதே ஏறக்குறைய அதே எடைக்கு செலைட்டையோ சிலிக்கா ஜெல்லையோ சேர்த்துவிட வேண்டும். வினை அதே வினைதான். ஆனால் உருவாகிற தார் குடுவையில் ஒட்டாமல் தூளின் மேல் படிகிறது. கடைசியில் குடுவையில் நிற்பது உதிரியான பழுப்புத் தூளும் தெளிந்த கரைசலும் மட்டுமே. வடிகட்டி, தூளை ஒருமுறை கழுவி, ரோட்டாவேப்பில் கரைப்பானை ஓட்டினால் பொருள் கையில்.

செலைட் அந்த வினையில் எந்த மாற்றமும் அடைவதில்லை. இருந்தும் அது இல்லாமல் வேலை ஓடவில்லை. வினையில் பங்கெடுக்காத ஒரு திடப்பொருள் வினையை இவ்வளவு மாற்ற முடியுமானால், ஆக்ஸிஜனேற்றியை முதலிலேயே அப்படி ஒரு திடப்பொருளின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் தாங்கியில் ஏற்றிய வினைபொருள்களின் வேதியியல். அந்தக் கதையின் இரண்டு முக்கியமான இழைகள் தெற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து வருகின்றன. ஒன்று பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து, மற்றொன்று அந்நகரின் தொழில் நிறுவனம் ஒன்று தோண்டி எடுத்த களிமண்ணிலிருந்து.

அங்கே போகும் முன், பி.சி.சி.யில் இருக்கும் குரோமியத்தை ஏன் விட்டுத்தொலைக்க வேண்டும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க நான் ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை போதும். அங்கே சோடியம் டைகுரோமேட் போன்ற குரோமியச் சேர்மங்களைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து ஆறிணைதிறன் குரோமியம் கரைந்து மண்ணில் இறங்கியது. சுற்றுவட்டார நிலத்தடி நீர் கெட்டது. ஆறிணைதிறன் குரோமியம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. அந்த ஆலையின் சரக்கு முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்குப் போனது, ஆய்வுக்கூடங்களுக்கு அல்ல என்பது உண்மை. ஆனால் சோதனைக் குடுவையில் இருக்கும் குரோமியமும் அதே குரோமியம்தான். மருந்தோ வாசனைப் பொருளோ தயாரிக்க அந்த வினையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனால், மூன்று மூலக்கூறு ஆல்கஹாலுக்குக் குறைந்தது இரண்டு குரோமியம் அணுக்கள் கழிவாக வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் டிரையாக்ஸைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது.

இனி மியூனிக்.

1875-இல் அடால்ஃப் வான் பேயர் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான யுஸ்டுஸ் வான் லீபிக்கின் இடம் அது. பேயரை உலகம் நினைவில் வைத்திருப்பது செயற்கை நீலச் சாயத்துக்காக. அந்தச் சாயம் சந்தைக்கு வந்த பிறகு இந்தியாவின் அவுரிச் சாகுபடி படுத்தது. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது 1899-இல் அவரும் விக்டர் வில்லிகரும் வெளியிட்ட ஆய்வு. கற்பூரம், புதினா எண்ணெயில் உள்ள மென்தோன் போன்ற வளையக் கீட்டோன்களைப் பெராக்ஸோமோனோசல்ஃபூரிக் அமிலத்தோடு வினைப்படுத்தினால், வளையத்துக்குள் ஓர் ஆக்ஸிஜன் அணு புகுந்துகொள்கிறது. மென்தோனின் ஆறணு வளையம் ஏழணு வளையமாகிறது. கிடைப்பது லாக்டோன் என்ற எஸ்டர் வளையம். பேயர்-வில்லிகர் ஆக்ஸிஜனேற்றம் என்ற பெயரில் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

பாடப்புத்தகங்கள் வினையின் வழிமுறையை அம்புக்குறி போட்டு விளக்கும். ஆக்ஸிஜனேற்றியை எப்படித் தயாரித்தார்கள் என்பதைச் சொல்லாது. அந்த அமிலத்துக்கு ஹைன்ரிக் காரோவின் பெயர். அதைச் செய்ய, பெர்சல்ஃபேட் உப்பைச் செறிந்த கந்தக அமிலத்தோடு அரைக்க வேண்டும். கிடைப்பது அமிலம் சொட்டும் குழம்பு. அதில் கீட்டோனைப் போட்டால், உருவாகிற லாக்டோனை அந்த அமிலமும் ஈரமும் சேர்ந்து மறுபடி உடைக்கப் பார்க்கும். பேயரும் வில்லிகரும் குழம்போடு பொட்டாசியம் சல்ஃபேட்டைச் சேர்த்து அரைத்தார்கள். பொட்டாசியம் சல்ஃபேட் எதையும் ஆக்ஸிஜனேற்றாது. அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு, முழுவதையும் உலர்ந்த பொடியாக்கிவிடும். இதற்கு அவர்கள் வைத்த பெயரே உலர் வினைபொருள் என்பதுதான்.

தாங்கி என்ற கருத்து அன்று இல்லை. பேயர் அதைக் கொள்கையாக்கவும் இல்லை. ஆனால் கையாள முடியாத ஒரு ஆக்ஸிஜனேற்றியை எதிலும் தலையிடாத ஒரு தூளில் பரப்பி வசப்படுத்துவது என்பது அங்கே முழுதாக இருக்கிறது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் வாங்கும் ஆக்ஸோன் என்ற வெள்ளைத் துகளின் இயைபைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டு பங்கு பொட்டாசியம் பெராக்ஸோமோனோசல்ஃபேட், ஒரு பங்கு பொட்டாசியம் ஹைட்ரஜன் சல்ஃபேட், ஒரு பங்கு பொட்டாசியம் சல்ஃபேட். ஒரே படிகத்துக்குள் மூன்று உப்புகள். காரோ அமிலத்தின் வீரியம் அதில் இருக்கிறது. ஆனாலும் அறை வெப்பநிலையில் பாட்டிலில் சாதுவாகக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் மிஞ்சுவது சல்ஃபேட் உப்பு மட்டுமே.

பெர்சல்ஃபேட் மியூனிக்குக்கு நெருக்கமான சரக்காகவே நீடித்தது. நகரின் தெற்கே, இசார் ஆற்றை ஒட்டிய ஹோல்ரீகல்ஸ்க்ரோய்த்தில் மியூனிக் மின்வேதி ஆலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்சல்ஃபேட் வழியாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு தயாரித்தது. அதே பகுதியில் இன்றும் பெராக்ஸைடுத் தொழில் நடக்கிறது.

அடுத்த இழைக்கு இசார் ஆற்றோடு எதிர்த்திசையில், வடகிழக்கே போக வேண்டும். மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் மோஸ்பூர்க் என்ற சிற்றூர். அந்த வட்டாரத்தின் மண்ணுக்கடியில் பென்டோனைட் களிமண் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் அங்கே படிந்து, நீரில் ஊறி, மெல்ல மெல்லக் களிமண்ணானது. பென்டோனைட் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கட்டடத்துக்குப் பைல் பவுண்டேஷன் போடும் இடங்களில் குழி இடியாமல் இருக்க ஊற்றும் சாம்பல் நிறக் கூழ் அதுதான். நமக்கு அது பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருகிறது.

பென்டோனைட்டின் உயிர் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். இரண்டு சிலிக்கேட் தாள்களுக்கு நடுவே ஓர் அலுமினியம் ஆக்ஸைடு தாள். மூன்றும் சேர்ந்த அடுக்கின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். நடுத்தாளில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வோர் அடுக்குக்கும் கொஞ்சம் எதிர்மின்சுமை இருக்கும். அதை ஈடுகட்ட அடுக்குகளுக்கு இடையில் சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் நீரோடு தங்கியிருக்கும். இவற்றை வெளியேற்றி வேறு அயனிகளை உள்ளே விடலாம் என்பதே இந்தக் களிமண்ணின் தனிக்குணம்.

மோஸ்பூர்க்கில் இந்தக் களிமண்ணை அமிலத்தில் வேகவைத்துத் தொழில் செய்தது மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட சூட்-கெமி நிறுவனம். அதன் வேர் 1857-இல் லீபிக்கின் ஈடுபாட்டோடு உர உற்பத்திக்காகத் தொடங்கப்பட்ட ஒரு பவேரியக் கம்பெனி. ஆக, பேயரின் நாற்காலியும் இந்தக் களிமண்ணும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன. அமிலம் நடுத்தாளிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து எடுக்கும். அடுக்குகளின் விளிம்புகள் அவிழும், நுண்துளைகள் திறக்கும், மேற்பரப்பு பல மடங்கு பெருகும். அந்தத் தூளுக்கு முதல் வாடிக்கையாளர் எண்ணெய் ஆலைகள்தான். சமையல் எண்ணெயின் நிறத்தை உறிஞ்சி எடுக்கும் ப்ளீச்சிங் எர்த் இது. நாம் கடையில் வாங்கும் வெளிறிய ரீஃபைண்டு எண்ணெய் இப்படி ஏதோ ஒரு களிமண்ணைக் கடந்துதான் வந்திருக்கும்.

இந்த வரிசையில் ஒரு ரகம் கே10. ஒரு கிராம் கே10-இன் மேற்பரப்பு 200 சதுர மீட்டருக்கு மேல். நம் கணக்கில் ஐந்து சென்ட் மனை. ஒரு டீஸ்பூன் தூளுக்குள் அவ்வளவு இடம்.

இந்தத் தூளைக் கரிம வேதியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பெல்ஜியத்தின் லீயேஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த பியர் லாஸ்லோ. அவரும் ஆந்த்ரே கோர்னெலிஸும் 1980-இல் வெளியிட்ட செய்முறை மிகச் சுருக்கமானது. ஃபெரிக் நைட்ரேட்டை அசிட்டோனில் கரைக்க வேண்டும். அதில் கே10-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். பிறகு அழுத்தத்தைக் குறைத்து, தண்ணீர்த் தொட்டியின் சூட்டை ஐம்பது டிகிரிக்கு மேல் விடாமல், அசிட்டோனை ஓட்டிவிட வேண்டும். குடுவைச் சுவரில் ஒட்டியிருக்கும் பொருக்கைச் சுரண்டினால் உதிர்வது மஞ்சள் பொடி. அதற்கு அவர்கள் இட்ட பெயர் க்ளேஃபென்.

க்ளேஃபெனை ஹெக்ஸேன் போன்ற எளிய கரைப்பானில் போட்டு, ஆல்கஹாலைச் சேர்த்துச் சூடாக்கினால் கீட்டோன் உருவாகிறது. குடுவைக்கு மேலே செம்பழுப்பு வாயு எழும். நைட்ரஜன் ஆக்ஸைடுகள். வாயு அடங்கியதும் வடிகட்டினால் இரும்பும் களிமண்ணும் வடிதாளில் தங்கிவிடும்.

சாதாரண ஃபெரிக் நைட்ரேட் ஹெக்ஸேனில் கரையவே கரையாது. அதை அப்படியே போட்டால் கட்டி கட்டியாக அடியில் கிடக்கும். ஆல்கஹாலுக்கும் அதற்கும் சந்திப்பே இல்லை. களிமண்ணில் ஏற்றும்போது அது பல சதுர மீட்டர் பரப்பில் மெல்லிய படலமாக விரிகிறது. ஆல்கஹால் கரைசலிலிருந்து வந்து அந்தப் பரப்பில் ஒட்டுகிறது. அதன் ஹைட்ராக்ஸில் தொகுதிக்குக் களிமண்ணின் அமிலப் பரப்பு பிடிக்கும், ஹெக்ஸேனுக்குப் பிடிக்காது. ஆகவே வினை நடக்க வேண்டிய இருவரும் ஒரே திண்ணையில் நெருக்கமாகிறார்கள். இன்னொன்றும் நடக்கிறது. அசிட்டோனில் கரைத்து உலர்த்தும்போது, இரும்பைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் பெரும்பாலும் விலகிவிடுகின்றன. நீரின் பாதுகாப்பு இல்லாத நைட்ரேட் நிலையற்றது. எளிதில் நைட்ரோசோனியம் அயனியைக் கொடுக்கிறது. அது ஆல்கஹாலோடு சேர்ந்து நைட்ரைட் எஸ்டராகி, அந்த எஸ்டர் உடைந்து கீட்டோன் ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தாங்கி வெறும் சுமைதாங்கி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சாதுவான உப்பை அந்தப் பரப்பு வீரியமுள்ளதாக்குகிறது.

அந்த வீரியத்துக்கு ஒரு விலை உண்டு. க்ளேஃபென் நிற்காது. வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அன்றன்று செய்து அன்றன்றே பயன்படுத்த வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் அழுத்தம் ஏறி ஆபத்து. இரும்புக்குப் பதில் செம்பு நைட்ரேட்டை ஏற்றிய க்ளேகாப் அதைவிட நிதானமானது, நெடுநாள் தாங்கும். 1997-இல், அமெரிக்காவின் டெக்சாஸில் பணியாற்றிய இந்திய வேதியியலாளர் ராஜேந்தர் வர்மா, க்ளேஃபெனோடு ஆல்கஹாலைக் கரைப்பானே இல்லாமல் கலந்து மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காட்டினார். ஒரு நிமிடத்துக்குள் வினை முடிந்தது.

லாஸ்லோவுக்கு முன்னும் இந்த வழியில் நடந்தவர்கள் இருந்தார்கள். 1968-இல் பிரான்சில் மார்செல் ஃபெட்டிஸோனும் மிஷேல் கோல்ஃபியேயும் வெள்ளிக் கார்பனேட்டைச் செலைட்டில் படியவைத்தார்கள். மென்மையான, அழகான வினைபொருள்; வெள்ளி விலைதான் தடை. 1970-களின் பிற்பகுதியில் பெர்மாங்கனேட்டைப் பல திடப்பொருள்களில் ஏற்றிப் பார்த்தார்கள். அதன் ஒரு வடிவம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பழக்கிடங்கு வரை போயிருக்கிறது. வாழைப்பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயுதான் பக்கத்துக் காயையும் பழுக்கவைக்கிறது. பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா உருண்டைகளைப் பெட்டிக்குள் போட்டால், அவை எத்திலீனை ஆக்ஸிஜனேற்றி அழித்துவிடும். ஊதா உருண்டை பழுப்பாக மாறினால் மாற்ற வேண்டும் என்று பொருள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். தூளில் ஏற்றிவிட்டாலே சுத்தமான வேதியியல் என்று எழுதும் வழக்கம் ஆய்வுக்கட்டுரைகளில் பரவிக் கிடக்கிறது. குரோமியம் டிரையாக்ஸைடை அலுமினாவிலோ களிமண்ணிலோ ஏற்றிவிட்டு அதற்குப் பசுமை என்று பெயரிட்ட கட்டுரைகள் ஏராளம். வடிகட்டுவது எளிதாகிறது, மாணவரின் கை கறைபடுவதில்லை, அதெல்லாம் சரி. ஆனால் குரோமியம் எங்கும் போய்விடவில்லை. முன்பு தாராக இருந்தது இப்போது களிமண்ணோடு சேர்ந்து இன்னும் அதிக எடையுள்ள கழிவாக இருக்கிறது. ராணிப்பேட்டையில் கிடந்ததும் ஒரு திடப்பொருள்தான். ஒரு கிராம் ஆல்கஹாலுக்குப் பல கிராம் தூள் செலவாகிறது என்பதையும், தூளைக் கழுவக் கரைப்பான் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தின் ரோஜர் ஷெல்டன் 1992-இல் முன்வைத்த ஈ-எண் இந்தக் கணக்குக்கு வசதியானது: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? மருந்துத் தொழிலில் அது 25 முதல் 100-க்கும் மேல் போகும் என்று அவர் காட்டினார்.

ஷெல்டன் இன்னொரு சோதனையையும் வலியுறுத்தினார். திட வினையூக்கியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னால், வினை பாதியில் இருக்கும்போது, சூடு ஆறும் முன் வடிகட்டிப் பாருங்கள். தூளை எடுத்த பிறகும் தெளிந்த கரைசலில் வினை தொடர்ந்தால், உலோகம் தூளில் இல்லை. கசிந்து கரைசலுக்குள் வந்துவிட்டது. ஆறவிட்டு வடிகட்டினால் கசிந்த உலோகம் திரும்பத் தூளில் படிந்து நம்மை ஏமாற்றிவிடும். இந்தச் சோதனையில், மூலக்கூறு சல்லடைகளில் பதித்த குரோமியம் போன்ற புகழ்பெற்ற பல வினையூக்கிகள் தோற்றன.

ஆகவே எந்த உலோகத்தை ஏற்றினோம் என்பதைவிட, முடிவில் எது ஆக்ஸிஜனைக் கொடுக்கிறது, அது என்னவாக மிஞ்சுகிறது என்பதே பெரிய கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில், ஈரமாக்கிய மான்ட்மோரில்லோனைட்டோடு ஆக்ஸோனைச் சேர்த்து, சல்ஃபைடுகளைச் சல்ஃபோன்களாக்கினார்கள். மிஞ்சியது களிமண்ணும் சல்ஃபேட்டும். நச்சு உலோகம் ஏதுமில்லை. பேயரின் உலர் பொடியின் வாரிசும் மோஸ்பூர்க் களிமண்ணின் உறவுக்காரக் கனிமமும் ஒரே குடுவையில் சேர்ந்த வினை அது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே, பெர்ருத்தனேட் அயனியைப் பிளாஸ்டிக் பிசின் மணிகளில் கட்டிவைத்து, காற்றிலுள்ள ஆக்ஸிஜனையே கொண்டு அதைப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்தார்.

ஹைதராபாத்தில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி. எம். சவுத்ரியின் குழு 2001-இல் செய்தது எனக்கு இவற்றிலெல்லாம் பிடித்தமானது. ஆஸ்மியம் டெட்ராக்ஸைடு அற்புதமான ஆக்ஸிஜனேற்றி. ஆனால் ஆவியாகிக் கண்ணைக் கெடுக்கும், விலையும் மிக அதிகம். மான்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகள் எதிர்மின்சுமை கொண்டவை. ஆஸ்மியத்தைச் சுமக்கும் ஆஸ்மேட் அயனியும் எதிர்மின் அயனி. சேராது. அவர்கள் எடுத்தது மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த இரட்டை ஹைட்ராக்ஸைடு அடுக்கு. அதில் சுமை நேர்மாறு. அடுக்கு நேர்மின், இடையில் தங்குவது எதிர்மின் அயனி. ஆஸ்மேட் அங்கே உறுதியாக உட்கார்ந்துகொண்டது. வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தவும் முடிந்தது.

தொழிற்சாலை அளவில் வென்றது டைட்டானியம் சிலிக்கலைட். 1983-இல் இத்தாலியில் உருவான இந்தத் திட வினையூக்கி, ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொண்டு புரோப்பிலீனைப் புரோப்பிலீன் ஆக்ஸைடாக மாற்றுகிறது. 2008 வாக்கில் தென்கொரியாவின் உல்சானிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் இந்த முறையில் பெரிய ஆலைகள் ஓடத் தொடங்கின. துணை விளைபொருள் தண்ணீர் மட்டுமே. ஆனால் அதன் துளையின் விட்டம் ஏறக்குறைய 0.55 நானோமீட்டர். புரோப்பிலீன் நுழையும், ஸ்டீராய்டோ, சர்க்கரையோ, மருந்து மூலக்கூறோ நுழையாது. இவற்றுக்கு வாசல் அகலமான பரப்பு வேண்டும். அமிலத்தில் வெந்து விளிம்பு அவிழ்ந்த களிமண்ணும் அகலத்துளை சிலிக்காவும் இன்னும் ஆய்வுக்கூடங்களில் இருப்பது அதனால்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் களிமண்ணையும் சியோலைட்டையும் வைத்துக் கரிம வினைகள் செய்யும் மரபு பல்லாண்டுகளாக உண்டு. சூட்-கெமியை 2011-இல் சுவிட்சர்லாந்தின் க்ளாரியன்ட் வாங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு அது தொடங்கிய வினையூக்கிக் கூட்டுறவு உரிமையாளர் மாறிய பிறகும் தொடர்ந்தது. மியூனிக்கின் வடக்கே கார்ஹிங் வளாகத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதற்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது. இத்துறை தேடுவது இதைத்தான்: பெரிய மூலக்கூறு நுழையும் அளவுக்குத் திறந்த, ஆனால் உலோகம் கசியாத அளவுக்கு இறுக்கமான ஒரு பரப்பு, காற்றையோ பெராக்ஸைடையோ மட்டும் செலவழித்து ஆல்கஹாலை ஆக்ஸிஜனேற்ற வேண்டும். தனித்தனி மூலக்கூறுகளுக்கு இது கைகூடியிருக்கிறது. எல்லா ஆல்கஹாலுக்கும் பொருந்தும் ஒரே பொடி இன்னும் யார் கையிலும் இல்லை.